தமிழ் படித்தால் என்ன சம்பளம்? ஒரு நூற்றாண்டுக் கேள்வியும் அதன் விடைகளும்

புதுச்சேரியின் கடலோரம் வடக்கே கனகசெட்டிக்குளத்தில் தொடங்கித் தெற்கே மூர்த்திக்குப்பத்தில் முடிகிறது. நீளம் ஏறக்குறைய 24 கிலோமீட்டர். வடமுனையை அடுத்த காலாப்பட்டில், 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தமிழுக்கென ஒரு புலம், சுப்பிரமணிய பாரதியார் பெயரில். ஊடகக் கல்விக்கு ஒரு துறை. கடலுக்குப் போகும் குடும்பங்களும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் வேலைக்குப் போகும் குடும்பங்களும் இந்த வளாகத்தின் அக்கம்பக்கத்தில்தான் வாழ்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் அவ்வீடுகளில் ஒரு கேள்வி எழும். மகள் தமிழோ இதழியலோ படிக்க ஆசைப்படுகிறாள். படித்து முடித்தால் கையில் என்ன வரும்?

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளைத் தொகுத்து, ஒவ்வொன்றின் பின்னணியையும் வலுவையும் குறையையும் பார்க்க முயல்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் படைப்பெழுத்துக்கென்றே பட்டங்கள் உண்டு. அயோவா எழுத்தாளர் பட்டறை 1936இலும், கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் படைப்பெழுத்து முதுகலை 1970இலும் தொடங்கின. தமிழில் எழுத்துப் பயிற்சி அப்படித் தனிப்பட்டமாக வேரூன்றவில்லை. தமிழ் இலக்கியம், இதழியல், மொழிபெயர்ப்பு ஆகிய படிப்புகளுக்குள்தான் அது பிரிந்து கிடக்கிறது. எனவே இங்கே ‘எழுத்துப் படிப்பு’ என்பது இம்மூன்றையும் சேர்த்தே குறிக்கும்.

கேள்வியின் வயது

1880இல் உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவரிடம் பட்டம் எதுவும் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்ற பெருமையும், அந்தப் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியாரின் பரிந்துரையுமே அவருடைய தகுதிகள். சம்பளம் மாதம் 50 ரூபாய். ஆசிரியரின் வாய்ச்சொல்லே சான்றிதழாக இருந்த காலம் அது.

விரைவில் நிலைமை மாறியது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனப் படிப்படியாகத் தேர்வுகளை நடத்தியது. பின்னர் பல்கலைக்கழகங்களின் வித்துவான், புலவர் தேர்வுகள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து இன்றைய இளங்கலை, முதுகலைப் பட்டங்கள் நிலைபெற்றன. தமிழறிவுக்கு எழுத்துவழிச் சான்று பிறந்ததும் அதன் விலை என்ன என்ற கேள்வியும் உடன் பிறந்தது.

விலை அன்றும் குறைவுதான். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த பாரதியின் மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய். அதே ஆண்டின் இறுதியில் அவர் சுதேசமித்திரனுக்குப் போனார். பள்ளி, பத்திரிகை என்ற இரண்டு வாசல்களும் தமிழ் எழுத்தாளனுக்கு அப்போதே திறந்திருந்தன; இரண்டும் குறுகலாகவும் இருந்தன.

முதல் விடை: பட்டம் ஒரு பதவிக்கான நுழைவுரிமை

தமிழகத்திலும் புதுவையிலும் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் விடை இதுதான்: தமிழ் படித்தால் வாத்தியார் வேலை. இதற்குப் புதுவையிலேயே சிறந்த சான்று உண்டு. பாரதிதாசன் தமிழ்ப் புலமைத் தேர்வில் முதலிடம் பெற்று, 1909இல் காரைக்கால் பகுதி நிரவியில் அரசுப் பள்ளி ஆசிரியரானார்; 1946இல் ஓய்வு பெற்றார். முப்பத்தேழு ஆண்டுகள் பிரெஞ்சு அரசின் சம்பளம் அந்தக் குடும்பத்தைத் தாங்கியது. கவிதை அந்தச் சம்பளத்தின் நிழலில் வளர்ந்தது.

இந்த விடைக்கு இன்றும் வலு இருக்கிறது. மத்திய அரசின் ஊதிய அட்டவணையில் பட்டதாரி ஆசிரியருக்குரிய ஏழாம் நிலையின் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு 57,700. கணிதம் படித்தவருக்கும் தமிழ் படித்தவருக்கும் ஒரே அட்டவணைதான். தனியார் சந்தையில் பாடத்துக்குப் பாடம் மாறும் விலை, அரசுப் பள்ளி வாசலில் சமமாகிவிடுகிறது. எழுத்துப் படிப்புக்குத் தனியார் சந்தையில் கிடைக்காத சமத்துவம் இது.

குறை என்ன? சம்பளம் பதவிக்கு உரியது, பட்டத்துக்கு உரியதல்ல. இடையில் உள்ள தூரம் ஆண்டுக்காண்டு நீள்கிறது. கல்வியியல் பட்டம் 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பாயிற்று. ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. அதைத் தாண்டினாலும் பணியிடம் அறிவிக்கப்பட வேண்டும். கல்லூரி ஆசிரியராக முதுகலையும், அதன்மேல் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். புதுவையில் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளன. தமிழாசிரியர் பணியிடங்களை இது நெடுங்காலத்தில் எப்படிப் பாதிக்கும் என்பதை இப்போதே சொல்லிவிட முடியாது.

இரண்டாம் விடை: பட்டம் திறனை வளர்க்கிறது

கல்வியை முதலீடாகப் பார்க்கும் பொருளியல் கருத்து 1960களில் தியோடர் ஷுல்ட்ஸ், கேரி பெக்கர் ஆகியோரால் வடிவம் பெற்றது. படிப்பு ஆளின் உற்பத்தித் திறனைக் கூட்டுகிறது. கூடிய திறனுக்குச் சந்தை கூடுதல் ஊதியம் தருகிறது என்பது சாரம். இதன்படி, தெளிவாக எழுதவும் திருத்தவும் சுருக்கவும் மொழிபெயர்க்கவும் தெரிந்தவருக்கு எந்தத் துறையிலும் மதிப்பு உண்டு. செய்தி அறை, பதிப்பகம், விளம்பரம், திரைவசனம், அரசு மொழிபெயர்ப்பு, பாடநூல் தயாரிப்பு எனப் பட்டியலும் நீள்கிறது.

இதற்குச் சான்றுகள் இல்லாமலில்லை. பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் முதுகலை படித்த வைரமுத்து, திரைக்கு வருமுன் ஆட்சிமொழிச் சட்ட ஆணையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். புதுவைக்காரரான பிரபஞ்சன் கரந்தைப் புலவர் கல்லூரியில் தமிழ் படித்து, குமுதம், ஆனந்த விகடன், குங்குமம் இதழ்களில் பணியாற்றினார். ‘வானம் வசப்படும்’ நாவலுக்காக 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். புதுவையின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களைச் சுற்றி இன்னொரு சிறு சந்தையும் உண்டு. தேவாரப் பதிப்பில் உழைத்த பண்டிதர் தி.வே. கோபாலையரைப் போல, சுவடியும் இலக்கணமும் ஆழக் கற்றவர்களை உலகத் தரமான ஆய்வு தேடி வந்திருக்கிறது.

ஆனால் இந்த விடை இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. இன்றைய பட்டப் படிப்பு இத்திறன்களை உண்மையிலேயே கற்பிக்கிறதா? இளங்கலைத் தமிழ்ப் பாடத்திட்டங்களில் இதழியல், மொழிபெயர்ப்பு, கணினித் தமிழ்த் தாள்கள் உண்டு. அவற்றை மூன்று மணி நேரத் தேர்வில் மனப்பாடமாக எழுதித் தேறிவிட முடிகிற வரை, தாளின் பெயர் திறனுக்கு உறுதியாகாது. வாரந்தோறும் எழுதி, ஆசிரியர் திருத்தி, மீண்டும் எழுதினால்தான் எழுத்து வரும்; நிரம்பி வழியும் வகுப்பில் அது எளிதல்ல. இரண்டாவது தடுமாற்றம் கூலி சார்ந்தது. திறன் வளர்ந்தாலும் வாங்குபவர்கள் சிலராகவும் விற்பவர்கள் பலராகவும் இருக்கும் சந்தையில் கூலி உயராது.

மூன்றாம் விடை: பட்டம் ஒரு சல்லடை

1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் முன்வைத்த கருத்து வேறு. பட்டம் திறனைத் தராவிட்டாலும், இவர் விடாமுயற்சி உள்ளவர் என்று வேலை தருபவருக்கு அறிவிக்கும். நம் நாட்டில் இதை நிறுவப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். எழுதுபவர்களில் பட்டதாரிகள் ஏராளம். இரண்டாம் தொகுதிப் பணிகள் பலவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். அங்கே தமிழ்ப் பட்டமும் வணிகவியல் பட்டமும் ஒன்றே.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கி, குறைந்தது 40 சதவீத மதிப்பெண் வேண்டும் என்றது. தமிழ் படித்தவர்களுக்கு இது பெரும் ஆதாயம் என்று அப்போது பேசப்பட்டது. ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தத் தாள் பத்தாம் வகுப்புத் தரத்தில் அமைந்தது. சங்க இலக்கியத்தில் மூன்றாண்டு மூழ்கியவருக்கும், பள்ளிப் புத்தகத்தை ஆறு மாதம் ஊன்றிப் படித்த பொறியியல் பட்டதாரிக்கும் இடையே அது பெரிய வேறுபாடு காட்டும் என்று எதிர்பார்க்க இயலாது. புதுச்சேரிக்கோ தனித் தேர்வாணையமே இல்லை. இந்த ஆதாயமும் அங்கே அதே வடிவில் கிடைப்பதில்லை.

சல்லடைக் கொள்கையின் கசப்பான பக்கத்தை 1976இல் ரொனால்ட் டோர் ‘பட்டய நோய்’ என்று விவரித்தார். எல்லோரும் பட்டம் பெற்றால் சல்லடையின் கண் சிறிதாகும். நேற்று இளங்கலை கேட்ட வேலை இன்று முதுகலை கேட்கும். அவர் எடுத்துக்கொண்ட நாடுகளில் ஒன்று இலங்கை. அங்கே 1971இல் இளைஞர் கிளர்ச்சி வெடித்த ஆண்டிலேயே, டட்லி சீயர்ஸ் தலைமையிலான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தமின்மையை முதன்மைச் சிக்கலாகச் சுட்டியது. தாய்மொழியில் கலைப்பட்டம் பெற்றவர்கள் அரசு வேலைக்காகக் காத்திருப்பதும், அரசுகள் அவ்வப்போது பட்டதாரிகளை மொத்தமாகப் பணியில் சேர்ப்பதும் அங்கே பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. பட்டத்தின் விலை அரசின் கருவூலத்தை மட்டும் நம்பி நிற்கும்போது என்ன நேரும் என்பதற்கு அது நமக்கு மிக அருகிலுள்ள பாடம்.

நான்காம் விடை: எழுத்துக்குப் பட்டமே வேண்டாம்

எழுத்தாளர்களிடையே வேரூன்றிய கருத்து இது. பள்ளிப் படிப்பை முடிக்காத ஜெயகாந்தன் ஞானபீட விருது பெற்றார். பள்ளிக் கல்வியைத் தாண்டாத கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகமே வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. சுஜாதா பொறியாளர், அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்.

இந்த வாதம் படைப்பாற்றலைப் பற்றியதென்றால் ஏற்கத்தக்கது. வருமானத்தைப் பற்றியதென்றால் அரைகுறையானது. வென்றவர்களின் பெயர்கள் மட்டுமே நம் நினைவில் நிற்கின்றன. பட்டமும் இன்றிப் பதிப்பாளரும் இன்றி மறைந்தவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. மேலும் அந்தப் பட்டியலையே கூர்ந்து பார்த்தால், பலரும் எழுத்தைக் கொண்டு பிழைக்கவில்லை. வேறொரு சம்பளம் எழுத்தைப் பிழைக்க வைத்தது. பட்டதாரியான புதுமைப்பித்தன் பத்திரிகையையும் சினிமாவையும் நம்பி வாழ்ந்து, 1948இல் வறுமையில் மறைந்தார். பட்டம் இருந்தும் இல்லாமலும் தமிழ் எழுத்தின் கூலி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கிறது.

ஐந்தாம் விடை: பணத்தால் அளக்கவே கூடாது

மொழியும் இலக்கியமும் சமூகத்தின் பொதுச் சொத்து. அவற்றைக் கற்பவரைச் சம்பளத்தால் எடைபோடுவது தவறு என்பது தமிழறிஞர்களும் கல்வியாளர்களும் நெடுநாள் சொல்லிவரும் விடை. இதில் ஆழமான உண்மை இருக்கிறது. சுவடியைப் பதிப்பித்தவரின் உழைப்பால் கிடைக்கும் பயன் அவருக்கு மட்டும் உரியதல்ல. பிறக்காத தலைமுறைக்கும் சேரும். சந்தை அதற்கு விலை தராது. எனவே அரசும் பல்கலைக்கழகமும் தர வேண்டும் என்ற முடிவுக்கு இது நியாயமாகவே கொண்டு செல்கிறது.

ஆனால் இந்த விடையை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நிரந்தரப் பதவியில் இருப்பவர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவியிடம் பணத்தைப் பார்க்காதே என்று சொல்வது எளிது. அவள் வீட்டில் படிப்புச் செலவு என்பது கட்டணம் மட்டுமல்ல. அவள் சம்பாதிக்காமல் விட்ட ஆண்டுகளும் சேர்ந்ததுதான். தமிழை நேசிப்பவர்களே அவளுடைய கணக்கை முதலில் மதிக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கு. தொகைகளில் அரசு ஊதியம் தவிர மற்றவை அனுமானமே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவர் உடனே மாதம் 12,000 ரூபாய் வேலைக்குப் போகலாம் என்று கொள்வோம். அதற்குப் பதிலாக மூன்றாண்டு இளங்கலைத் தமிழும் இரண்டாண்டு கல்வியியலும் படிக்கிறார். 60 மாதங்களில் விட்ட வருமானம் 7,20,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் கட்டணம் இதன் முன் சிறு தொகையே. ஐந்தாண்டு கழித்து, படிக்காமல் வேலைக்குப் போனவரின் சம்பளம் 18,000 ஆகியிருக்கும் என்று வைப்போம்.

தமிழ் படித்தவருக்கு மத்திய அட்டவணைப்படி ஊதியம் தரும் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தால் அடிப்படை ஊதியம் மட்டும் 44,900. மாத வேறுபாடு 26,900. விட்ட வருமானம் சுமார் 27 மாதங்களில் திரும்பிவிடும். அதே பட்டத்தோடு தனியார் பள்ளியில் 15,000 ரூபாய்க்குச் சேர்ந்தால், போட்டது திரும்பாது; இடைவெளி மாதாமாதம் கூடவும் செய்யும். பட்டம் ஒன்று, பாடம் ஒன்று, மதிப்பெண்கூட ஒன்றாக இருக்கலாம். பதவி கிடைத்ததா இல்லையா என்பதே ஆதாயத்தை நட்டமாக்குகிறது.

கல்லூரியிலும் இதே பிளவு. உதவிப் பேராசிரியரின் அடிப்படை 57,700. 2024 சனவரியில் மத்திய அகவிலைப்படி 50 சதவீதத்தை எட்டியபோது இரண்டும் சேர்ந்து 86,550. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 என வகுத்தது. பல இடங்களில் கைக்கு வருவது அதைவிட மிகக் குறைவு. ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தை நடத்தும் இருவரின் வருமானம் மடங்குக் கணக்கில் வேறுபடுகிறது.

எழுத்தை மட்டும் நம்பினால்? 300 ரூபாய் விலையுள்ள நாவல் 500 படிகள் விற்று, வழக்கமான 10 சதவீத உரிமைத்தொகை ஒழுங்காக வந்தால் 15,000 ரூபாய். இரண்டாண்டு உழைப்பில் எழுதியதென்றால் மாதம் 625.

வெளிநாட்டுத் தரவுகள் சொல்வதும் சொல்லாததும்

பிரிட்டனில் நிதி ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, வரிப் பதிவுகளைக் கொண்டு பட்டதாரிகளின் வாழ்நாள் வருமானத்தை மதிப்பிட்டது. ஐந்தில் நான்கு பேருக்குப் பட்டம் ஆதாயம். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டம் படிக்காமலிருந்தால் பொருளளவில் மேலாக இருந்திருப்பார். படைப்புக் கலைகள் படித்தவர்களுக்குச் சராசரி ஆதாயம் ஏறக்குறைய இல்லை. ஆனால் அங்கே மாணவர் பெருங்கடன் வாங்கிப் படிக்கிறார். இங்குள்ள அரசுக் கல்லூரிக் கட்டணம் அப்படிப்பட்டதல்ல. அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்துவது பிழையாகும்.

நமக்கு அதிகம் உதவுவது நார்வே ஆய்வு. கிர்க்கெபோன், லூவன், மொக்ஸ்டாட் மூவரும் 2016இல், சேர்க்கைக்குரிய வெட்டு மதிப்பெண்ணுக்குச் சற்று மேலும் கீழும் நின்ற மாணவர்களை ஒப்பிட்டனர். எந்தப் பாடம் என்பது வருமானத்தைப் பெரிதும் மாற்றுகிறது என்று கண்டனர். கூடவே, தமக்குப் பொருத்தமான துறையைத் தேர்ந்தவர்களே அதில் அதிக ஆதாயம் பெறுவதாகவும் அவர்களது முடிவுகள் சுட்டுகின்றன. பொறியாளரின் சராசரிச் சம்பளத்தைக் காட்டி, தமிழில் ஊன்றிய மாணவரைப் பொறியியலுக்குத் தள்ளினால் அந்தச் சராசரி அவருக்குக் கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் டெமிங், நோரே இருவரும் 2020இல் காட்டியதும் சேர்த்து எண்ணத்தக்கது: தொழில்நுட்பப் பட்டங்களின் தொடக்க மேன்மை, கற்ற திறன் பழசாகும் வேகத்தில் மெல்லக் குறைகிறது.

இந்தியாவின் பொதுநிலை எச்சரிக்கையூட்டுவது. 2024ஆம் ஆண்டின் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரி இளைஞரிடையே 29.1. படித்தவர் தகுந்த வேலைக்காகக் காத்திருப்பதும் இதில் அடங்கும் என்பதால், படிப்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. காத்திருப்பின் நீளம் ஒரு செலவு என்பதே பொருள். அந்தச் செலவைத் தாங்கக்கூடிய வீடு எது, தாங்காத வீடு எது என்பது சாதியையும் சொத்தையும் பெண்ணின் திருமண வயது பற்றிய நெருக்கடியையும் பொறுத்தது.

மதிப்பீடும் தீராத கேள்விகளும்

ஐந்து விடைகளும் ஒவ்வொரு பகுதியைத் தொடுகின்றன. அவற்றை அருகருகே வைத்தால் ஒன்று ஓரளவு உறுதியாகத் தெரிகிறது. தமிழ் எழுத்துப் படிப்பின் பணமதிப்பு பட்டத்தில் தங்கியிருக்கவில்லை. பட்டத்துக்கு எதிரே திறந்திருக்கும் பணியிடங்களின் எண்ணிக்கையில் தங்கியிருக்கிறது. உ.வே.சா. காலம் முதல் இன்றுவரை எழுத்தைத் தாங்கியது பெரும்பாலும் வகுப்பறைச் சம்பளமே. எனவே பட்டத்தின் மதிப்பு குறைகிறது என்ற புலம்பலை மாணவரின் தேர்வுப் பிழையாகக் கருதுவது அநீதி. நிரப்பப்படாத பணியிடங்களும், நிரந்தர வேலையைக் கௌரவ ஊதியத்தில் செய்ய வைப்பதும் அரசுகளும் நிர்வாகங்களும் எடுக்கும் முடிவுகள்; அவற்றை மாற்ற முடியும்.

தீராத கேள்விகள் மூன்று. முதலாவது, பாடவாரியான தரவு. அமெரிக்காவில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் படித்தவர் என்ன சம்பாதிக்கிறார் என்பதை அரசே இணையத்தில் தருகிறது. நம் குடும்பங்கள் பக்கத்து வீட்டுக் கதையைக் கொண்டே முடிவெடுக்கின்றன. தன் தமிழ், இதழியல் மாணவர்கள் ஐந்தாண்டு கழித்து எங்கே, என்ன ஊதியத்தில் இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை அல்ல. இரண்டாவது, எந்திர எழுத்தும் எந்திர மொழிபெயர்ப்பும். 2022க்குப் பின் இவை வேகமெடுத்துள்ளன. சாதாரண உரை எழுதுபவரின் கூலி சரியக்கூடும். எந்திரத்தின் தமிழைத் திருத்தவும் சரிபார்க்கவும் தெரிந்தவரின் தேவை உயரவும் கூடும். எது மேலோங்கும் என்று சொல்லப் போதிய சான்று இன்னும் சேரவில்லை. மூன்றாவது, எழுத்துப் படிப்போடு கணினி, சட்டம், இரண்டாம் மொழி எதையாவது சேர்த்தால் ஆதாயம் எவ்வளவு கூடும் என்பது. பிரெஞ்சும் தமிழும் ஒருங்கே வாழும் புதுவை அதைச் சோதிக்க ஏற்ற களம்; சோதனை நடந்தாக வேண்டும்.

அதுவரை கனகசெட்டிக்குளத்து மாணவிக்குச் சொல்லக்கூடிய நேர்மையான விடை, நிபந்தனைகளோடு கூடியது. படிப்பு அரசுக் கல்லூரியில் அமைந்து, எழுத்துப் பயிற்சி உண்மையாகக் கிடைத்து, தகுதித் தேர்வுக்கான தயாரிப்பு முதலாண்டிலேயே தொடங்கி, காத்திருக்கும் காலத்தில் கைகொடுக்கும் வேறொரு திறனும் இருந்தால், தமிழ்ப் பட்டம் நட்டமாகும் வாய்ப்பு குறைவு. இவற்றில் முதலும் கடைசியும் ஓரளவு அவள் கையில் இருக்கின்றன. நடுவில் உள்ளவை பெரிதும் கல்லூரியின் பொறுப்பு. பணியிடமோ அரசின் பொறுப்பு. அவளிடம் மட்டும் கேள்வி கேட்பதை நிறுத்தி, மற்ற இருவரிடமும் கேட்கத் தொடங்கினால்தான் இந்த நூற்றாண்டு வாதம் அடுத்த படிக்கு நகரும்.